புகழுக்குக் கொடுக்கும் விலை

சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கைக் குன்று புக்கிட் தீமா. அதன் உயரம் 164 மீட்டரைக்கூட எட்டவில்லை. விடியற்காலையில் ஏறத் தொடங்கும் ஒரு குடும்பம், பசியாறும் நேரத்துக்குள் கீழே இறங்கிவிடலாம். பனிமலையையும் எரிமலையையும், ஆறு ஓடும் இருண்ட குகையையும் நேரில் காண விரும்பும் மாணவர் கடல் கடந்துதான் செல்ல வேண்டும். எனவே, இங்கு வாழ்பவர்களுக்குச் சாகசப் பயணம் என்பது பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணமாகவே இருக்கிறது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வகுப்பறையில் பயணக் கதைகள் தொடங்கிவிடும். ஒரு மாணவி, எவரெஸ்ட் அடிவார முகாம்வரை நடந்து சென்று வந்த தன் அண்ணனைப் பற்றிச் சொல்வாள். இன்னொருவன், நியூசிலாந்தில் பள்ளத்தாக்கின் மேலிருந்து கயிறு கட்டிக் குதித்ததை விவரிப்பான். பின்வரிசையில் சிலர் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பர். அவர்களுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. “அதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும் தெரியுமா?” என்று வீட்டில் எழுந்த ஒரே கேள்வியில் அவர்களுடைய ஆசை அடங்கிப் போயிருக்கும். சாகசப் பயணம் வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று அவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள்.

அந்த முடிவு தவறானது. பெயர்பெற்ற இடங்களுக்குச் செல்பவர்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி, அந்த இடத்தின் புகழுக்குக் கொடுக்கும் விலையாகும். அதே அளவு அழகும் சவாலும் நிறைந்த பல இடங்கள், பலருடைய கண்ணில் படாமலேயே இருக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுத்தால் செலவைப் பெரிதும் குறைக்கலாம். ஆனால், எதில் பணத்தை மிச்சப்படுத்துவது, எதில் மிச்சப்படுத்தக் கூடாது என்பதை அறியாமல் மலிவை மட்டும் தேடிச் செல்வது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். புகழுக்கான செலவைக் குறைப்பது புத்திசாலித்தனம். பாதுகாப்புக்கான செலவைக் குறைப்பது அறியாமை.

முதலில், புகழ் என்ன செய்கிறது என்பதைப் பார்க்கலாம். 1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் எட்மண்ட் ஹில்லரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்ட் சிகரத்தில் கால் பதித்தனர். அப்போது அங்கே அவ்விருவர் மட்டுமே நின்றனர். 2019-ஆம் ஆண்டு மே மாதம் அதே சிகரத்துக்கு அருகே எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் உலகையே திகைக்க வைத்தது. பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல மலையேறிகள் ஒருவர் பின் ஒருவராக நீண்ட வரிசையில் நின்றிருந்தனர். பிராணவாயு குறைந்த அந்த உயரத்தில் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்தானது.

சிகரத்தில் ஏறாமல் அடிவார முகாம்வரை மட்டும் நடப்பவர்கள் இன்னும் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் லுக்லா என்ற சிற்றூருக்குச் சிறிய விமானத்தில் செல்கின்றனர். அங்கிருந்து மேலே செல்லச் செல்ல, அரிசி, எரிவாயு முதலிய பொருள்களைச் சுமைதூக்கிகளும் விலங்குகளும் சுமந்தே கொண்டுசெல்ல வேண்டியிருப்பதால் எல்லாவற்றின் விலையும் ஏறிக்கொண்டே போகும். இத்தனை செலவு செய்து 5,364 மீட்டர் உயரத்தில் உள்ள முகாமை அடைபவருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அங்கிருந்து எவரெஸ்ட் சிகரம் தெரியாது! முன்னால் நிற்கும் மலைகள் அதை மறைத்துவிடுகின்றன. சிகரத்தைப் பார்க்க, காலா பத்தர் என்ற வேறொரு மேட்டில் ஏற வேண்டும்.

அதே நேப்பாளத்தில், காட்மாண்டுக்கு வடக்கே லாங்டாங் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே செல்ல உள்நாட்டு விமானம் தேவையில்லை. காட்மாண்டிலிருந்து பேருந்திலோ ஜீப்பிலோ சியாப்ரூபேசி என்ற ஊருக்குச் சென்று, அங்கிருந்து நடக்கத் தொடங்கலாம். காடு, ஆறு, புல்வெளி ஆகியவற்றைக் கடந்து, ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் உள்ள கியாஞ்சின் கோம்பாவை அடையும்போது பனிமூடிய சிகரங்கள் சுற்றிலும் எழுந்து நிற்கும். அவற்றுள் ஒன்றான லாங்டாங் லிருங் 7,200 மீட்டரைத் தாண்டியது. உலகின் மிக உயரமான மலை அங்கில்லை என்பது உண்மைதான். ஆனால், இமயமலையின் அழகுக்கு அங்கே எந்தக் குறையும் இல்லை.

லாங்டாங்குக்குச் செல்வதில் மற்றொரு பொருளும் உண்டு. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் நேப்பாளத்தைத் தாக்கிய நிலநடுக்கத்தால் மலையிலிருந்து பனியும் பாறையும் பெயர்ந்து லாங்டாங் கிராமத்தை மூடின. 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியவர்கள் அந்தப் பள்ளத்தாக்கை விட்டு ஒரேயடியாகப் போய்விடவில்லை. திரும்பி வந்து வீடுகளையும் தங்கும் விடுதிகளையும் மீண்டும் கட்டினர். அங்கே ஓர் இரவு தங்கி ஒரு தட்டுச் சோறும் பருப்பும் வாங்கி உண்ணும் பயணியின் பணம், வாழ்க்கையை மறுபடி தொடங்கிய ஒரு குடும்பத்தின் கைக்கு நேரே போய்ச் சேருகிறது.

நேப்பாளத்தில் மட்டுமன்று, சிங்கப்பூருக்குப் பக்கத்திலேயே இத்தகைய இடங்கள் இருக்கின்றன. இந்தோனேசியாவில் மலையேற விரும்புவோர் பலர் பாலித் தீவுக்கு அருகே உள்ள லொம்போக் தீவின் ரிஞ்சானி மலையை நாடுகின்றனர். அதன் உயரம் 3,726 மீட்டர். ஆனால், இந்தோனேசியாவின் மிக உயரமான எரிமலை அதுவன்று. சுமத்ராவில் உள்ள 3,805 மீட்டர் உயரமான கெரிஞ்சி மலைதான். பாடாங் நகருக்கு விமானத்தில் சென்று, பின்னர்ப் பல மணி நேரம் சாலைவழியே பயணம் செய்தால் அதன் அடிவாரத்தை அடையலாம். அங்கே காயு ஆரோ என்ற பகுதியில் தேயிலைத் தோட்டம் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பச்சைப் பாய் விரித்ததுபோல் பரந்து கிடக்கும். மலையைச் சுற்றிலும் சுமத்ராப் புலிகள் வாழும் கெரிஞ்சி செபலாட் தேசியப் பூங்கா உள்ளது. உயரத்தில் ரிஞ்சானியை மிஞ்சினாலும் புகழில் கெரிஞ்சி பின்தங்கியே இருக்கிறது.

ஓர் இடம் ஏன் கவனிக்கப்படாமல் இருக்கிறது? பயணத்தைத் திட்டமிடும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதற்கு இரண்டு வகையான விடைகள் உண்டு.

முதல் வகைக் காரணங்கள் தீங்கற்றவை. அருகில் விமான நிலையம் இருக்காது. விளம்பரம் செய்ய ஆளிருக்காது. திரைப்படம் எதுவும் அங்கே எடுக்கப்பட்டிருக்காது. ஒரு திரைப்படம் எவ்வளவு பெரிய மாற்றத்தை உண்டாக்கும் என்பதற்குத் தாய்லாந்தின் மாயா விரிகுடாவே சான்று. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆங்கிலப் படத்தில் இடம்பெற்ற பிறகு அச்சிறு கடற்கரைக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் படகுகளில் வந்து குவிந்தனர். பவளப்பாறைகள் சிதைந்தன. 2018-ஆம் ஆண்டில் மூடப்பட்ட அக்கடற்கரை, 2022-ஆம் ஆண்டில்தான் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் திறக்கப்பட்டது. படத்தில் வராத கடற்கரைகள் அழகில் குறைந்தவை அல்ல. அவற்றின் பெயர்தான் பலருக்குத் தெரியாது.

இரண்டாம் வகைக் காரணங்கள் கவனமாக ஆராய வேண்டியவை. லாவோஸ் நாட்டை எடுத்துக்கொள்ளலாம். அங்கே கோங் லோர் என்ற குகையின் உள்ளே ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தூரத்துக்கு ஓர் ஆறு ஓடுகிறது. உள்ளூர்ப் படகோட்டிகள் தலையில் கட்டிய விளக்கின் ஒளியில் பயணிகளை மலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அழைத்துச் செல்கின்றனர். நீர் குறைந்த காலத்தில் ஆங்காங்கே பயணிகள் இறங்கி நிற்க, படகோட்டிகள் படகை மணலின் மேல் இழுத்துச் செல்வதும் உண்டு. அண்டை நாடான வியட்னாமில் உள்ள புகழ்பெற்ற சொன் டோங் குகைக்குள் செல்ல ஒருவருக்குச் சுமார் 3,000 அமெரிக்க டாலர் செலவாகும். அக்குகையைப் பாதுகாக்க ஆண்டுதோறும் குறைந்த எண்ணிக்கையிலானோரே அனுமதிக்கப்படுவதும் பல நாள் பயணத்துக்குப் பெரிய குழு தேவைப்படுவதும் அதற்குக் காரணம். எனவே, உயர்ந்த விலை எல்லாம் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், குகையின் இருளையும் அமைதியையும் உணர விரும்பும் ஒருவர், கோங் லோரில் அதில் மிகச் சிறு பகுதியைச் செலவிட்டே அவ்விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளலாம்.

அதே லாவோஸில் மறக்கக் கூடாத ஓர் உண்மையும் இருக்கிறது. 1964 முதல் 1973 வரை அந்நாட்டின் மீது 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகள் வீசப்பட்டன. அவற்றுள் வெடிக்காமல் போனவை இன்றும் மண்ணுக்குள் கிடக்கின்றன. ஆகவே, கிராமப்புறங்களில் பழக்கப்பட்ட பாதையை விட்டு விலகி நடக்கவே கூடாது. காடு அழகாக இருக்கிறது என்று எண்ணி வழிகாட்டி இல்லாமல் உள்ளே செல்வது அங்கே சாகசமன்று, பெரும் ஆபத்து.

எரிமலைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மேற்குச் சுமத்ராவின் மராப்பி எரிமலை திடீரென்று வெடித்தபோது, மலையில் இருந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கெரிஞ்சியும் உயிருள்ள எரிமலையே. அதன் சீற்றம் மிகும்போது மலையேற்றம் தடை செய்யப்படும். விமானச் சீட்டு வாங்கிவிட்டோமே என்பதற்காக எச்சரிக்கையை மீறிச் செல்பவர், சீட்டின் விலையைத் தம் உயிரைவிடப் பெரிதாக மதிப்பவர் ஆவார்.

மலிவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இன்னொரு காரணம் பருவநிலை. ஜூன் விடுமுறையில் நேப்பாளத்தில் தங்குமிடங்கள் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால், அது அங்கே மழைக்காலம் தொடங்கும் நேரம். மேகம் மலைகளை மறைக்கும்; பாதையில் அட்டைகள் ஊரும்; நிலச்சரிவு சாலைகளை அடைக்கும். ஜூன் மாதத்தில் சுமத்ராவின் கெரிஞ்சிப் பகுதியில் ஒப்பீட்டளவில் மழை குறைவு. டிசம்பர் விடுமுறையின்போது லாவோஸில் வெயிலும் மழையும் வாட்டுவதில்லை. பள்ளி நாட்காட்டியையும் செல்லவிருக்கும் நாட்டின் பருவநிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி முடிவு தெளிவாகிவிடும்.

பயணம் மலிவானதா என்பதை விமானச் சீட்டின் விலையை மட்டும் வைத்து முடிவு செய்வதும் சரியன்று. மத்திய ஆசிய நாடான கிர்கிஸ்தானுக்குப் பறந்து செல்லச் செலவு கூடுதலாகும். ஆனால், அங்கே சென்றபின் சோங்-குல் ஏரிக்கரையில் ஆட்டிடையர்களின் கூடாரத்தில் தங்குவதற்கும் குதிரையில் மலையேறுவதற்கும் பெரிய தொகை தேவைப்படாது. மூன்று நாளுக்காக அவ்வளவு தூரம் செல்வது வீண்செலவு. பத்து நாள் தங்குவதாயின் கணக்கு மாறிவிடும். போக்குவரத்து, தங்குமிடம், உணவு, வழிகாட்டி, அனுமதிச்சீட்டு, காப்புறுதி ஆகிய அனைத்தையும் கூட்டி, நாள் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பதே சரியான கணக்கு.

இவ்வாறு மிச்சப்படும் பணத்தை என்ன செய்வது? அதில் ஒரு பகுதியைப் பாதுகாப்புக்கு ஒதுக்க வேண்டும். மலைப்பகுதியிலிருந்து நோயாளியை ஹெலிகாப்டரில் கொண்டுவர ஆயிரக்கணக்கான வெள்ளி செலவாகும். மலையேற்றத்தையும் அவசர மீட்பையும் உள்ளடக்கிய பயணக் காப்புறுதி இல்லாமல் புறப்படுவது, குடும்பத்தைக் கடனில் தள்ளக்கூடும். 3,000 மீட்டருக்கு மேல் செல்லும்போது, உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்றும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வெடுக்க வேண்டும் என்றும் மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். ஒரு நாள் விடுதிச் செலவை மிச்சப்படுத்த அந்த ஓய்வு நாளைத் துறப்பவர்கள், தலைவலியும் வாந்தியுமாகப் படுத்துவிடுகின்றனர். சில வேளைகளில் அது மரணத்திலும் முடிகிறது.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் ஊதியமும் குறைக்கக் கூடாத செலவுதான். 2015-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் சாபாவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின்போது கினபாலு மலையில் பாறைகள் உருண்டு விழுந்தன. சிங்கப்பூர் மாணவர்கள் உட்பட 18 பேர் உயிரிழந்தனர். உயிரிழந்தவர்களில் மலை வழிகாட்டிகளும் இருந்தனர். பாதைகள் சிதைந்து கிடந்த அந்த நேரத்தில், மலையில் சிக்கியிருந்தவர்களைப் பாதுகாப்பாகக் கீழே அழைத்து வந்ததில் உள்ளூர் வழிகாட்டிகளின் பங்கு பெரிது. மலையின் ஒவ்வொரு வளைவையும் அறிந்த அந்த மனிதரிடம் பத்து வெள்ளியைக் குறைக்கச் சொல்லி வாதாடுவது முறையா? தம் சுமையைத் தூக்கி வருபவரின் கூலியைக் குறைத்துவிட்டு, “மலிவாகப் போய் வந்தேன்” என்று பெருமை பேசுவது சிக்கனமன்று, சுரண்டலே.

பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இங்கே ஒரு நியாயமான அச்சம் எழலாம். “பலர் போகும் இடமென்றால் ஆபத்து நேரும்போது உதவிக்கு ஆளிருக்கும். யாரும் போகாத இடத்தில் என்ன செய்வது?” என்று அவர்கள் கேட்பர். இக்கேள்வியைப் புறந்தள்ளக் கூடாது. ஒதுக்குப்புறமான இடங்களில் மருத்துவமனை தொலைவில்தான் இருக்கும். ஆனால், இதற்கு விடை பயணத்தையே கைவிடுவதன்று. இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுப்பதாகும். உரிமம் பெற்ற வழிகாட்டிகளும் தங்குமிடங்களும் தெளிவான பாதைகளும் உள்ள, ஆனால் கூட்டம் மட்டும் குறைவாக உள்ள இடங்களே மாணவர்களுக்கு ஏற்றவை. பெரியவர்கள் உடன் வர வேண்டும். புறப்படும் முன் வெளியுறவு அமைச்சின் பயண அறிவிப்புகளைப் பார்த்து, பயண விவரங்களையும் பதிவு செய்துகொள்ளலாம். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. ஆழத்தை அறிந்துகொண்டால் கரையிலேயே நின்றுவிட வேண்டியதும் இல்லை.

“அறியப்படாத இடங்களுக்கு எல்லாரும் செல்லத் தொடங்கினால் அவையும் கெட்டுப்போகாதா?” என்பது மற்றொரு கேள்வி. கெட்டுப்போகக்கூடும். லாவோஸில் வாங் வியெங் என்ற சிற்றூர், ஆற்றில் மிதவை வளையத்தில் மிதந்து செல்லும் விளையாட்டால் இளைஞர்களிடையே பெயர் பெற்றது. மலிவாகக் கிடைத்த மதுவும் கட்டுப்பாடற்ற கேளிக்கையும் அவ்வூரை மாற்றின. குடித்துவிட்டு ஆற்றில் குதித்துப் பலர் உயிரிழந்தனர். இறுதியில் 2012-ஆம் ஆண்டில் அரசாங்கம் ஆற்றோர மதுக்கூடங்களை மூட வேண்டியதாயிற்று. அந்த ஊரின் மக்கள் செலவு குறைந்த விருந்தோம்பலைத்தான் அளித்தார்கள். வந்தவர்களோ அந்த ஊரையே மலிவாக நினைத்துவிட்டார்கள்.

பயணி எவ்வளவு செலவு செய்கிறார் என்பதைவிட, எப்படி நடந்துகொள்கிறார் என்பது முக்கியம் என்பதை இது உணர்த்துகிறது. கவனிக்கப்படாத இடம் என்பது ஆளில்லாத இடமன்று. அங்கே வயல் இருக்கும், பள்ளி இருக்கும், வழிபாட்டுத் தலம் இருக்கும். அங்குள்ள மொழியில் வணக்கமும் நன்றியும் சொல்லக் கற்றுக்கொள்வது, அனுமதி கேட்டுப் புகைப்படம் எடுப்பது, குப்பையைத் திரும்ப எடுத்து வருவது, உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதியில் தங்குவது ஆகியவற்றுக்குப் பெரிதாகச் செலவு எதுவும் இல்லை. ஆனால், அடுத்து வரும் பயணியை அவ்வூர் மக்கள் முகமலர்ச்சியோடு வரவேற்பார்களா என்பது இவற்றைப் பொறுத்தே இருக்கிறது.

வகுப்பறையின் பின்வரிசையில் பேசாமல் அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் யாராவது ஒரு வரைபடத்தைக் கொடுக்க வேண்டும். எல்லாரும் வட்டமிட்ட ஊர்களை விட்டுவிட்டு, அவற்றுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள பெயர்களை அவர்கள் தேடிப் பார்க்கட்டும். அந்த இடம் ஏன் பலருக்குத் தெரியவில்லை, எந்த மாதத்தில் செல்லலாம், யார் வழிகாட்டுவார், மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று விசாரித்து ஒரு தாளில் எழுதட்டும். அந்தத் தாளைப் பெற்றோரிடம் காட்டும்போது, “அதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும் தெரியுமா?” என்ற பழைய கேள்விக்கு அவர்களிடம் முதன்முறையாக ஒரு விடை இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமிக்க வேண்டியிருக்கலாம். அப்படிச் சேமித்துச் செல்லும் பயணத்தில் எவரெஸ்ட் தெரியாமல் போகலாம். அடிவார முகாமுக்குப் போனவருக்கும் அங்கிருந்து அது தெரியவில்லையே!